கம்பிக் கதவுக்கு வெளியே வந்த வேலை

உள்ளறையில் கைப்பேசி ஒலித்தது. நின்றது. மறுபடியும் ஒலித்தது.

சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஆட்ரிக்குக் கை ஓடவில்லை. அவளுடைய கைப்பேசிதான். அண்ணன் பிராண்டன் படுத்திருக்கும் அறையில் சார்ஜில் கிடந்தது. ஓடிப்போய் எடுக்கலாமா, வேண்டாமா என்று அவள் தவிப்பதற்குள் அம்மா மகதலேனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒலி அறுந்தது.

“தெரியாத நம்பர். பிளாக் பண்ணிட்டேன்” என்றாள் திரும்பி வந்து. பிராண்டன் காதைப் பொத்திக்கொண்டு போர்வைக்குள் நடுங்குகிறானாம். இனிமேல் போனை அந்த அறையில் வைக்காதே என்று மகளைக் கடிந்துகொண்டாள்.

கிள்ளான் நகரில் அந்த அடுக்குமாடி வீட்டில் தெரியாத எண்ணை யாரும் எடுப்பதில்லை. யார் போனை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பிராண்டன் திரும்பி வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

அவன் வேலைக்கென்றுதான் போனான். வெளிநாட்டில் ஐடி வேலை என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். நல்ல தமிழ் பேசினான். மகதலேனாவை வாய் நிறைய ‘அம்மா’ என்றான். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் தாயையும் மகனையும் உட்காரவைத்து வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். இன்றைக்கே முடிவு சொல்லுங்கள், நாளைக்கு இடம் இருக்காது என்றான். நம்பி விமானம் ஏறிய பிள்ளையை எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு கட்டடத்தில் அடைத்துப் போட்டார்கள். இங்கிருக்கும் நம் ஆட்களுக்குப் போன் போட்டு ஏமாற்றுவதுதான் அங்கே அவனுக்குக் கொடுத்த வேலை. தூதரகம் மீட்டுக் கொண்டுவந்த அன்று, விமான நிலையத்தில் மகதலேனா தன் மகனைக் கடந்து நடந்து போனாள். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

ஆட்ரி அந்த ஆண்டுதான் பல்கலைக்கழகத்தில் கடைசித் தேர்வு எழுதினாள். ரயில்வேயில் இருந்த அப்பா ஸ்டானிஸ்லாஸ் அவள் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அம்மா விடியுமுன் வேன் ஏறி, தெலுக் பங்லிமா காராங் ஊரிலுள்ள தொழிற்சாலையில் நின்றுகொண்டே உழைத்தாள். கணினி அறிவியல் படித்த பெண்ணுக்கு உடனே வேலை கிடைத்துவிடும் என்றார்கள் மாதா கோயிலில். பட்டம் வாங்கிய பிறகு அவள் அனுப்பாத விண்ணப்பம் இல்லை. எந்தக் கம்பெனியும் பதில்கூடப் போடவில்லை.

கடைசியில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மென்பொருள் நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. எல்லாம் கணினித் திரையிலேயே நடந்தது. அலுவலகத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. நிரல் எழுதச் சொன்னார்கள், எழுதினாள். ஒரு கேள்விக்கு மட்டும், தெரியாது என்று சொல்லிவிட்டாள். அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்படியிருந்தும் மின்னஞ்சல் வந்தது. வேலை உனக்குத்தான், ஐசி அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் அனுப்பு என்று. ஆட்ரிக்கு மகிழ்ச்சி வரவில்லை. தெரியாது என்று சொன்னவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அண்ணனுக்கும் இப்படித்தானே எல்லாம் சுலபமாக வந்தது? மின்னஞ்சலைத் திறப்பாள், படிப்பாள், மூடிவைப்பாள். அது உண்மையாக இருந்து கைநழுவிப் போனால் என்ற பயம் ஒருபக்கம். பொய்யாக இருந்தால் என்ற பயம் மறுபக்கம். பதில் அனுப்பாமலே நாட்கள் போயின.

அந்த நிறுவனத்திலிருந்து வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் வந்தபோது ஆட்ரி குளித்துக்கொண்டிருந்தாள். மகதலேனா அதைப் பார்த்துவிட்டு, தானே குரலைப் பதிவுசெய்து அனுப்பினாள். ஒரு பிள்ளையைத் தின்றது போதாதா, இன்னொன்றும் வேண்டுமா, நீங்கள் நல்லாவே இருக்க மாட்டீர்கள், போலீஸ் வீடு தேடி வரும் என்று.

இன்று காலை வந்த அழைப்பும் அங்கிருந்துதானோ என்று ஆட்ரி மனத்துக்குள் வெந்துகொண்டிருந்த சனிக்கிழமை மத்தியானத்தில், வாசலில் யாரோ “ஆன்டி, ஆன்டி” என்று கூப்பிட்டார்கள்.

மகதலேனா மரக் கதவைத் திறந்தாள். கம்பிக் கதவைத் திறக்கவில்லை. வெளியே நெற்றியில் திருநீறும் கையில் கார்ச் சாவியுமாக ஒரு பெண் நின்றாள். பெயர் சந்திரகலா, அந்த நிறுவனத்தில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருப்பவளாம். கிள்ளானிலேயே தாமான் செந்தோசாவில் வீடாம். ஆட்ரியின் விண்ணப்பத்தில் முகவரி பார்த்து வந்தாளாம்.

“உங்க வாய்ஸ் மெசேஜ் கேட்டேன் ஆன்டி. முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் தூக்கம் வரல. காலைல கூப்பிட்டேன், கட் ஆயிடுச்சு.”

“பேங்க் நம்பர் எதுக்கு கேட்டீங்க?”

“சம்பளம் போடணும்லா ஆன்டி.”

பிராண்டனைக் கூட்டிப்போனவனும் தமிழில்தான் பேசினான், அவனும் இந்த வாசலில்தான் நின்றான் என்றாள் மகதலேனா. சந்திரகலா பொறுமையாக எல்லாம் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள் ஆட்ரிதான் என்பதால் பிடித்துப்போனதாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டாராம் மேலாளர்.

“பாத்தியா!” மகதலேனா மகள் பக்கம் திரும்பினாள். “இதே பேச்சு. நாளைக்கு இடம் இருக்காதுன்னு.” கதவைச் சாத்தப் போனாள்.

அந்த மரக் கதவு மூடினால் ஆட்ரியின் படிப்பு, அம்மா நின்று தேய்ந்த கால்கள், எல்லாமே அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் ‘மூடாதீர்கள் அம்மா’ என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அம்மா சொல்வது சரியாகவே இருந்துவிட்டால்?

சந்திரகலா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முகம் வாடியிருந்தது. ஆனாலும் கோபப்படவில்லை.

“சரி ஆன்டி. திங்கக்கிழமைன்னு நான் சொன்னத விட்ருங்க. பாஸ் கால்ல விழுந்தாவது ஒரு வாரம் வாங்கித் தரேன். இப்ப ஒண்ணும் குடுக்க வேணாம். ஆபீஸ் நம்பர நான் தரமாட்டேன், நீங்களே தேடி எடுத்து கூப்பிட்டு விசாரிங்க. நாலு பேர்கிட்ட கேளுங்க. யோசிச்சு சொல்லுங்க.”

பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பிராண்டன் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்திருந்தான். திரும்பி வந்ததிலிருந்து அந்நியர் எதிரில் அவன் வந்து நின்றதே இல்லை.

“மா, கதவ சாத்தாதீங்க” என்றான். “அங்க நாங்க அந்த வார்த்தையே சொல்லக்கூடாது. யோசிச்சு சொல்லுங்கங்கிற வார்த்தை. போனை வைக்க விடக்கூடாது. பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேக்க விடக்கூடாது. நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். ஈப்போவுல ஒரு அம்மா. உங்க குரல் மாதிரியே இருந்துச்சு. யோசிச்சு சொல்லுங்க ஆன்டின்னு சொல்லி போனை வச்சிட்டேன்.”

அவன் இடது கையை உயர்த்திக் காட்டினான். அதில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. படியில் விழுந்ததாகத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

மகதலேனா அந்தக் கையையே பார்த்தாள். தன் குரலுக்காக அடிபட்ட பிள்ளையா இவன்? மடங்காத விரல்களை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“இவங்க அந்த ஆளுங்க இல்ல மா. தங்கச்சிய போக விடுங்க” என்றான் பிராண்டன்.

மகதலேனா சாவியை எடுத்தாள். கம்பிக் கதவின் பூட்டில் நுழைத்தாள். திறக்க வேண்டாம், இருக்கட்டும் என்று வெளியிலிருந்து சந்திரகலா சொன்னாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

ஆட்ரி கம்பிக் கதவருகே வந்தாள். இன்னும் பயம்தான். ஊரில் யாருமே தரவில்லை என்று ஏங்கிய வேலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. “அக்கா, ஒரு வாரம் வேணாம். திங்கக்கிழமையே ஆபீஸுக்கு வரேன். நேர்ல பாத்துட்டு அங்கயே கையெழுத்து போடுறேன்.”

“நானும் வருவேன்” என்றாள் மகதலேனா. “அவ வேலை முடியிற வரைக்கும் கீழயே உக்காந்திருப்பேன். தினமும்.”

“வாங்க ஆன்டி. ஏசி ரொம்ப குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்குங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பிராண்டனின் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்ததை ஆட்ரி பார்த்தாள்.

சந்திரகலா போய்வருகிறேன் என்று தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவளுடைய செருப்புச் சத்தம் தேய்ந்து, கீழே கார் கிளம்பி, சாலை இரைச்சலோடு கலக்கும் வரைக்கும் மகதலேனா கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு மரக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.