சூட்கேசில் போன கடை

என் இணையக் கடைக்கு இருந்த ஒரே போட்டி என் சொந்தக்காரரின் சூட்கேஸ்.

அச்சுவேலியில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மிளகாயும் மல்லியும் வறுத்து மிளகாய்த்தூள் இடித்து, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இணையத்தில் விற்றேன். கூட்டுறவுச் சங்கத்து வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய கடை. இரண்டு வருடங்களாகக் கைக்காசைத் தின்றுகொண்டிருந்தது. ஆசிரியரான என் கணவர் பொறுமைசாலி. ஆனால் அந்தப் பொறுமைக்கும் ஒரு தவணை வந்தது. "வாற தைக்குள்ளை ஒரு மாசமாவது மிச்சம் காட்டு. இல்லாட்டிப் பூட்டுவம்" என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தூளைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. சிக்கல் அனுப்புவதில் இருந்தது. பார்சல் செலவைக் கண்டதும் ஆட்கள் இணையத்தை விட்டுத் தொலைபேசிக்கு வந்துவிடுவார்கள். "தங்கச்சி, அனுப்பாதேங்கோ. தெல்லிப்பழையிலை எங்கடை சித்தப்பா வந்து நிக்கிறார். புதன்கிழமை திரும்பிறார், அவரிட்டைக் குடுத்துவிடுங்கோ." ஊருக்கு வந்து திரும்புகிறவரின் சூட்கேஸ் எங்களிடத்தில் பொதுச்சொத்து. நானும் ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தச் சித்தப்பா தேநீர் தந்து, "எனக்கும் ரெண்டு கிலோ வையுங்கோ பிள்ளை" என்பார். பிள்ளை என்று கூப்பிட்டவரிடம் எப்படிக் காசு கேட்பது? அந்த வித்தை எனக்குக் கடைசிவரை கைவரவில்லை.

போன மார்கழியில் அதிசயம் நடந்தது. தை பிறந்தால் கனடாவிலும் கலியாணம், சடங்கு, விருந்து. அங்கே என் அண்ணை இருக்கிற ஊரிலிருந்து மட்டும் நாற்பது ஓடர்கள் வந்தன, எல்லாம் பார்சல் செலவோடு. நானும் கணவரும் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தோம். முதல்முறையாக மிச்சம் வரும் போலிருந்தது. அன்று பாட்டுப் பாடிக்கொண்டே மல்லி வறுத்தேன்.

அந்தக் கிழமையே அண்ணை எனக்கு விமான ரிக்கற் அனுப்பினார். வயதுக்கு வந்த அவருடைய மகளுக்குத் தையில் சாமத்தியச் சடங்கு. தண்ணீர் வார்க்க வேண்டியவள் தகப்பனோடு பிறந்த மாமி, மாமி என்று இருப்பவள் நான் ஒருத்திதான். விசாவும் முன்பே வந்திருந்தது. மறுக்க வழியே இல்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணை தொலைபேசியில் வந்தார். "உன்னட்டை ஓடர் போட்ட எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். தங்கச்சி தானே வாறாள், அவளே கொண்டருவாள், ஏன் பார்சலுக்குக் காசைக் கொட்டுறியள் எண்டு. எல்லாருக்கும் நல்ல சந்தோசம்."

"அண்ணை, அது கடை."

"கடைதான், ஆர் இல்லையெண்டது? ஆனா என்ரை பிள்ளையின்ரை சடங்குக்கு வாற ஆக்களிட்டை நீ காசு வாங்கினால் என்ரை மானம் என்னாகிறது?"

அவர் கெட்டவரல்ல. என் கடையை அங்கே வீடு வீடாகப் புகழ்ந்து, அந்த நாற்பது பேரையும் பிடித்துத் தந்தவரே அவர்தான். யாரோடு போய்ச் சண்டைபிடிப்பது? ஓடர்கள் ஒன்றொன்றாக விலகுவதை அடுப்படியில் நின்று போனில் பார்த்தேன். வாங்கிய காசையெல்லாம் திருப்பி அனுப்பினேன். அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. கையிலிருந்த அகப்பையைச் சுவரில் எறிந்தேன்.

இரண்டு சூட்கேசும் தூளாலேயே நிரம்பின. கணவர் தராசில் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, "உன்ரை சாறியள் எங்கை?" என்றார்.

"இடமில்லை. அண்ணியின்ரையை உடுக்கிறன்."

சூட்கேசை இறுக்கிப் பூட்டித் தந்தார். கடையைச் சொல்லி ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சடங்கு முடிந்ததும் இரவல் சேலையோடு மண்டப வாசலில் நின்று பொட்டலங்களைக் கொடுத்தேன். என் கடையில் மாதம் தவறாமல் வாங்கிய அம்மா ஒருவர் வந்தார். பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காசு குடுத்து எடுக்கிற தூளிலை இந்த வாசம் வராது பிள்ளை. அடுத்த முறையும் இப்பிடிக் கொண்டாங்கோ, என்ன?"

இரண்டும் ஒரே சட்டியில் வறுத்தவை என்று சொல்ல வாய்வரை வந்தது. பக்கத்தில் அண்ணை பெருமை தாங்காமல் நின்றார்.

"ஓம் அம்மா, கொண்டாறன்" என்றேன்.

என் கடையைப் பூட்டியது அந்தச் சொல்தான். இணையத்தளத்தை நிறுத்தியதெல்லாம் ஊருக்குத் திரும்பி வந்து செய்த வெறும் வேலை.