ரெத்தினம் அறுத்த அடி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய தெருவில் வாழும் ரெத்தினத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது அவருடைய கோபம். தப்படிப்பதில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் வரும். இந்த வரிசையில் அவருக்கு வருத்தமில்லை. எழுபதைத் தாண்டிய வயதிலும் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் தப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே நிற்பவர் தம்மை அறியாமல் ஓரடி பின்னால் நகர்வார்.

தப்பு என்பது டெல்டாவில் பறைக்கு வழங்கும் பெயர். வட்டமான மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை கொண்டு கன்றுத்தோலை ஒட்டி, வைக்கோல் தீயில் காட்டிச் சூடேற்றி, ஒரு தடித்த குச்சியாலும் ஒரு மெல்லிய மூங்கில் சிம்பாலும் அடிப்பார்கள். ரெத்தினத்தின் குழுவில் எட்டுப் பேர். நடத்துநர் ஒருவர், செவிலியர் ஒருவர், டிராக்டர் ஓட்டுபவர்கள் இருவர், ரெத்தினத்தின் பால்ய சிநேகிதர் அரசப்பன், அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மகள் எழில்மொழி என்று பலதரப்பட்டவர்கள். மாசியில் தொடங்கினால் ஆடி வரை ஓய்வு கிடையாது. அதனால்தான் மேடைப் பேச்சாளர்கள் "அழிந்துவரும் இந்தக் கலை" என்று தொண்டையைக் கனைக்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "யாரு அழியிறா? போன வாரம் மூணு ஊருக்குப் போயிட்டு வந்தோம். சோத்துக்கு நேரமில்லாம நிக்கிறவன அழியிறான்னு சொல்றதுக்கு ஒரு மைக்கு வேற!"

ஆனால் அவருடைய உண்மையான கோபத்துக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அது அவர் சிறுவனாக இருந்தபோது, ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாண ஊர்வலத்தில் ஊன்றியது.

ரெத்தினத்தின் தந்தை வீரையன் அந்தப் பண்ணையில் ஆள். பண்ணை வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் தப்போடு போய்த் தெருமுனையில் நிற்க வேண்டும். வரமுடியாது என்று சொல்லும் உரிமை அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. செருப்பு கூடாது, துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும், வாசற்படி ஏறக்கூடாது. அன்று மாப்பிள்ளை அழைப்பு. வீரையனும் கூட்டாளிகளும் ஒற்றையடியில் தொடங்கி வேகம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பண்ணை ஆட்களை மேய்க்கும் காரியக்காரருக்கு யாரிடமோ எதையோ சொல்ல வேண்டியிருந்தது. சத்தம் இடைஞ்சல். திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தினார். வீரையன் நிறுத்தினார்.

தப்புக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எடுத்த சுற்றை முடிப்பு அடித்துத்தான் முடிக்க வேண்டும். பாதியில் அறுப்பது ஒரே ஓர் இடத்தில்தான்: சுடுகாட்டில் பாடையை மண்ணில் வைக்கும் அந்த நொடியில். பாடை தரையைத் தொட்டதும் அத்தனை தப்பும் ஒருசேர அறுந்து நிற்கும். அந்த நிசப்தம் எதற்கானது என்று டெல்டாக் கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

மணப்பெண்ணின் தாய்க்கும் தெரிந்திருந்தது. கல்யாணத் தெருவில் அடி அறுந்ததும் அவள் வயிற்றில் அடித்துக்கொண்டு அலறினாள். அடுத்த கணம் காரியக்காரரின் பிரம்பு வீரையனின் முதுகில் இறங்கியது. நிறுத்தச் சொன்னவரும் அவரே. நிறுத்தியதற்காக அடித்தவரும் அவரே. கையைத் தூக்கியது யார் என்று அந்தக் கூட்டத்தில் பார்த்தவர்கள் ஏராளம். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வீரையன் தப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முடிக்காத அடியோடு வீட்டுக்கு நடந்தார். பின்னால் மகன் நடந்தான்.

எழுபதுகளில் கூலிப் போராட்டம் வந்தபோது தெரு முழுவதும் கூடி, இனி ஊர்ச் சாவுக்குத் தப்படிப்பதில்லை என்று முடிவெடுத்தது. மற்றவர்கள் சாவுக்கு மட்டும் நிறுத்தினார்கள். ரெத்தினம் தப்பைத் தொடுவதையே நிறுத்தினார். பல வருடங்கள் அது பரணில் கிடந்தது. அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் தெரு நாடகத்துக்கு ஆள் தேடி வந்தவர்களிடம்தான் மீண்டும் வாய் திறந்தார். "அடிக்கிறேன். செருப்பப் போட்டுக்கிட்டுத்தான் அடிப்பேன். நீங்க நிக்கிற எடத்துலதான் நிப்பேன். நாங்க எடுத்த அடிய நாங்கதான் முடிப்போம், எவன் கையத் தூக்குனாலும் நிறுத்த மாட்டேன்." அதன்பிறகு எத்தனையோ கைகள் உயர்ந்தன. தலைவர் வந்துவிட்டார், நேரமாகிவிட்டது, குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று எத்தனையோ காரணங்கள். ஒருமுறைகூட அவர் நிறுத்தியதில்லை.

சென்ற ஆண்டு, சம்பா அறுவடை முடிந்த கையோடு, மன்னார்குடியில் ஒரு தனியார் அறக்கட்டளை மரபிசை விழா நடத்தியது. ரெத்தினத்துக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது. குழுவினர் மேடையில் முழுச்சுற்று அடிப்பார்கள். அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. விழாச் செயலாளர் பரணிதரன் முப்பது வயது இளைஞர், சென்னையில் படித்துவிட்டு வந்தவர், பேச்சில் தேன் ஒழுகும்.

விழா நடக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போய் இறங்கியதும் தேன் வேறு பக்கம் ஒழுகியது.

"ஐயா, ஒரு சின்ன மாற்றம். மேடையில ஸ்கூல் பிள்ளைங்க டான்ஸ் போட்டுட்டோம். நீங்க வாசல்ல நின்னு சீஃப் கெஸ்ட்டுக்கு வரவேற்பு அடிச்சிடுங்க. விருது மேடையிலதான், அதுல மாற்றமே இல்ல."

எழில்மொழி கைப்பேசியில் அழைப்பிதழை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுல மேடைன்னு போட்டிருக்கே சார்?"

"அது பிரிண்ட்டுக்குப் போனப்ப இருந்த பிளான், மேடம்."

"எங்களுக்குச் சொல்றது எந்த பிளான்ல இருந்துச்சு?"

பரணிதரன் சிரித்து மழுப்பினார். ரெத்தினம் மகளைக் கையால் தடுத்தார். "வாசல்ல அடிக்கிறோம் தம்பி. ஆனா எடுத்தா முடிச்சிட்டுத்தான் நிறுத்துவோம். கால் மணி நேரம் ஆகும். போன்லயே சொன்னேன், இப்பவும் சொல்றேன். நடுவுல கைய கிய தூக்கக் கூடாது."

"சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்று சொல்லும்போதே பரணிதரனின் கண் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

"மச்சான், அவனுக்குக் காது மேடையில இருக்கு, ஒடம்பு மட்டும் இங்க நிக்குது" என்றார் அரசப்பன்.

மண்டபத்தின் பின்புறம், சமையற்கட்டுக்கு அருகே வைக்கோல் கொளுத்தித் தோலைச் சூடேற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்து இறங்கியதிலிருந்தே வாசல் தூணில் ஏணி சாத்தி, மைக்செட் நெய்னா முகம்மது ஒலிபெருக்கிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "பாய், பொட்டிய அந்தப் பக்கம் திருப்புங்க, எங்களுக்குக் காது வேணும்" என்று அரசப்பன் கத்த, "ஒங்க சத்தத்துக்கு என் பொட்டிதான் காதப் பொத்திக்கணும்" என்று மேலிருந்து பதில் வந்தது.

தலைமை விருந்தினர் தியாகராசன் அரிசி ஆலை முதலாளி. அறக்கட்டளைக்குப் பெரிய கொடையாளி. அவருடைய கார் தெருமுனையில் திரும்பியதும் ரெத்தினம் ஒற்றையடி எடுத்தார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள் சேர்ந்தார்கள். அடி ஏறியது. பந்தலில் நின்றவர்களின் பேச்சு அடங்கியது. சமையல்காரப் பெண்கள் இலைக்கட்டோடு வந்து நின்று தலையாட்டினார்கள். தியாகராசன் இறங்கி, கும்பிட்டபடியே வந்து, வாசற்படியில் ஒரு காலை வைத்தார். வரவேற்புரைக்கு மைக் தயாராக இருந்தது. பரணிதரன், தப்புக்காரர்கள் பக்கம் முகத்தைத் திருப்பாமலே, உள்ளங்கையை உயர்த்தினார்.

ரெத்தினம் அந்தக் கையைப் பார்த்தார். அதே உயரம். அதே திரும்பாத முகம். கையில் பிரம்பு இல்லை, கைப்பேசி இருந்தது; வேறு வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் உயர்ந்த கைகளை மீறியே வந்தவருக்கு, மீறி மீறி என்னதான் கண்டோம் என்ற ஆத்திரம் மூண்டது. சரி, நிறுத்திப் பார்ப்போம். இன்றைக்கு அறுந்தால் பழி யார் தலையில் விழுகிறது என்று பார்ப்போம். அவர் வலக்கை அந்தரத்தில் நின்றது. தலைவன் கை நின்றால் குழு நிற்கும். எட்டுத் தப்பும் ஒருசேர அறுந்தன.

உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இலைக்கட்டு வைத்திருந்த மூத்த பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எழில்மொழி தந்தையை நம்பமுடியாமல் பார்த்தாள். தியாகராசனின் கால் படியிலிருந்து தானாகவே கீழே இறங்கியது. அவரும் நெல் விளைகிற ஊரில் பிறந்தவர்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"யோவ்! யாருய்யா அடிய அறுத்தது?"

"சார், அவங்கதான்… திடீர்னு நிறுத்திட்டாங்க" என்றார் பரணிதரன். இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் நாக்கு அந்தப் பக்கம் போனதுதான் கொடுமை.

"நல்ல காரியத்துல வந்து நின்னு அறுக்குறீங்களே, ஒங்களுக்கெல்லாம் வயசாச்சே, அறிவு வேணாம்?" என்று தியாகராசன் ரெத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

உண்மையைச் சொல்ல வேண்டியவர் தாம் அல்ல என்று ரெத்தினம் பிடிவாதமாக நின்றார். பந்தலில் அறக்கட்டளை உறுப்பினர்கள் நின்றார்கள், பேராசிரியர்கள் நின்றார்கள், கையைத் தூக்கியதைப் பார்த்த கண்கள் ஏராளமாக நின்றன. ஒருவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்தார். ஒருவர் அழைப்பிதழைப் புரட்டினார். அரசப்பனின் பல் நெறிபடும் சத்தம் ரெத்தினத்துக்குக் கேட்டது.

ஏணியின் மேலிருந்து குரல் வந்தது.

"அவங்க மேல ஏங்க பாயுறீங்க? இந்தத் தம்பிதான் கையத் தூக்குனாரு. நான் மேலேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். தூக்கக் கூடாதுன்னு பெரியவரு காலையிலயே சொன்னாரு, அதையும் கேட்டேன்."

மன்னார்குடி வட்டாரத்தில் எல்லா விழாவுக்கும் மைக்செட் வைத்துப் பிழைக்கும் மனிதர், எல்லா விழாவுக்கும் நன்கொடை கொடுக்கிற ஒருவரின் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை அது. தியாகராசன் பரணிதரனைப் பார்த்தார். பரணிதரன் தம்முடைய கையையே பார்த்தார்.

"சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. பெரியவரே, அடிங்க. விட்ட எடத்துலேருந்து எடுத்து முடிச்சிடுங்க, நான் உள்ள போகணும்" என்றார் தியாகராசன்.

"அறுத்தத ஒட்ட முடியாதுங்க. மொதல்லேருந்துதான் எடுக்கணும்" என்றார் ரெத்தினம். "அதையும் இங்க எடுக்க மாட்டேன். மேடைன்னு அச்சடிச்சிருக்கீங்க. மேடையில எடுக்குறேன். எல்லாரும் உக்காந்து, முடிப்பு வரைக்கும் கேக்கணும்."

"மேடையில அடிங்க, யாரு வேணாங்குறா! ஆனா நான் இப்ப எப்படிய்யா படி ஏறுறது? அறுத்த அடியோடவா?"

"அது ஒங்க பாடு. எங்க அப்பா அறுத்த அடியோடதான் வீடு வரைக்கும் நடந்தாரு."

இதைச் சொல்லிவிட்டு அவர் செருப்புக் காலோடு முன்வாசற்படி ஏறினார். குழு பின்னால் ஏறியது. தலைமை விருந்தினரைப் பரணிதரன் மண்டபத்தைச் சுற்றி அழைத்துப்போய், எரிந்த வைக்கோலையும் காய்கறிக் கழிவையும் தாண்டி, சமையற்கட்டு வழியாக உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தார்.

பள்ளிப் பிள்ளைகளின் நடனம் பின்னுக்குப் போனது. மேடையில் எட்டுப் பேரும் அரைவட்டமாக நின்றார்கள். சூடு ஆறியிருந்த தோலில் முதல் அடி மந்தமாக விழுந்தது. ரெத்தினத்துக்கு அதுவே இன்னொரு எரிச்சல். ஏற ஏறச் சரியாகிவிட்டது. எழில்மொழி தந்தையின் கண்ணையே பார்த்து அடித்தாள். நிகழ்ச்சி நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் உறுப்பினர் ஒருவர் நெய்னா முகம்மதுவிடம் குனிந்து, அடுத்த பாட்டைப் போடச் சொன்னார். நெய்னா முகம்மது இரண்டு கைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடி ஏறி, உச்சியில் நின்று சுழன்று, முடிப்புக்கு வந்து, முடிந்தது.

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ரெத்தினத்துக்கு ஆறவில்லை.

"நீ நிறுத்துவேன்னு நான் நெனைக்கலடா மச்சான்" என்றார் அரசப்பன், வியர்வையைத் துடைத்தபடி.

"நானும்தான் நெனைக்கல" என்றார் ரெத்தினம். "இவனுவ கேக்கணும்னு கேக்கலடா. பயந்துக்கிட்டு கேட்டானுவ. முழுசா அடிக்கணும்னா ஒரு தடவ அறுத்துக் காட்டணும்னு வச்சிருக்கானுவளே, அதான் எனக்கு வயிறு எரியுது."

பரணிதரன் பொன்னாடையோடு வந்தார். ஒலிபெருக்கியில் ரெத்தினத்தின் பெயரை யாரோ நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார்கள். "மன்னிச்சிடுங்க ஐயா, எனக்கு அந்த வழக்கம் தெரியாது" என்றார் மெல்ல.

"வழக்கம் தெரியாதது குத்தமில்ல தம்பி. நான்தான் சொன்னேனே, கேட்டிருக்கலாம். அதவிட, ஒங்க கைய நீங்க தூக்குனது ஒங்களுக்கே தெரியுமில்ல? அதச் சொல்லியிருக்கலாம்."

பரணிதரன் பொன்னாடையை விரித்தார். ரெத்தினம் அதைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். மேடையை விட்டு இறங்கி, ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்த நெய்னா முகம்மதுவின் தோளில் போட்டார்.

"எதுக்குங்க எனக்கு?" என்று பதறினார் நெய்னா முகம்மது.

"அன்னிக்கு எங்க அப்பா பக்கத்துல நீங்க இல்லாம போயிட்டீங்களே பாய்" என்றார் ரெத்தினம். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் கோபம் இல்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி, மிச்ச வைக்கோலை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பலாம், அடுத்த நிகழ்ச்சி சாயங்காலம் திருத்துறைப்பூண்டியில் என்று குழுவைப் பார்த்துச் சத்தம் போட்டார்.