வேலை நாட்களில் விழுங்காத மாத்திரை

மூதூரில் பஸ்ஸின் சில்லு மாற்றும்போதுதான் அது முதலில் வந்தது. நெஞ்சுக்குள் ஒரு நெரிவு. இடது தாடை வரை ஏறியது. படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் விட்டுவிட்டது. வாய்வு என்று நினைத்துச் சோடா குடித்தேன். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே பத்தொன்பது வருடங்களாகப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை வந்தபோது மனைவி வசந்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். எனக்குத் தெரியாமலே ஒரு மாரடைப்பு வந்து போயிருந்தது. இப்போது இருப்பவை இரண்டு என்றார் டொக்டர்: மார்பு நெரிவு (இதயத் தசைக்குப் போதிய இரத்தம் கிடைக்காதபோது வரும் வலி), இதயச் செயலிழப்பு (உடலுக்குத் தேவையான இரத்தத்தை இதயத்தால் தள்ள முடியாத நிலை).

ஐந்து வகை மாத்திரைகள் தந்தார்கள். நாக்கின் கீழ் வைப்பதை உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். நான் நின்றபடி வைத்து, தலைசுற்றிச் சுவரில் மோதினேன். தினமும் காலையில் நிறை பார்த்துக் கொப்பியில் எழுதச் சொன்னார்கள். பஸ் ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். பத்தாம் நாள், டொக்டர் சம்மதித்துவிட்டார் என்று வசந்தியிடம் பொய் சொல்லிவிட்டு ஏறினேன்.

என்னைக் கெடுத்தது தண்ணி மாத்திரை (உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து). விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் மூத்திரம் முட்டும். நிறைந்த பஸ்ஸை வீதியோரம் விட்டுவிட்டுப் பற்றைக்குள் எத்தனை தரம் போவது? முதலில் ஒரு நாள் விட்டேன். பிறகு வேலை நாட்கள் எல்லாம் விட்டேன். வசந்தி கண்டுபிடிக்காதிருக்க, மாத்திரையைச் சட்டைப் பைக்குள் கொண்டுபோய் வீசினேன். கால் வீங்கியது. மூன்று தலையணை இல்லாமல் படுக்க ஏலாமல் போனது. ஒரே கிழமையில் நாலு கிலோ ஏறியும், கொப்பியில் பழைய அறுபத்தெட்டையே எழுதினேன்.

ஒரு காலை, கிண்ணியாப் பாலம் தாண்டியதும் மூச்சு உள்ளே போக மறுத்தது. முன் சில்லு தார் வீதியை விட்டு இறங்கியதை நான் உணரவில்லை. நடத்துநர் நிசாம் என் தோளைப் பிடித்தார்.

“அண்ணன், நிப்பாட்டுங்க. ஆக்கள் இருக்காங்க.”

நிறுத்தினேன். முன் இருக்கையில் ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். நிசாம் என்னை ஓட்டோவில் ஏற்றும்போதும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுரையீரலில் நீர் கோர்த்திருந்தது. ஊசியும் ஒட்சிசனும் கொடுத்தார்கள். மறுநாள் மாத்திரைகளைப் பற்றி டொக்டர் கேட்டபோது, வசந்தி கொப்பியை நீட்டினாள்.

“ஒரு நாளும் விடேல்ல, டொக்டர். நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்.”

முகமூடியை விலக்கினேன். “விட்டனான். பஸ்ஸும் ஓடினனான்.”

டொக்டர் ஏசவில்லை. ஏன் விட்டேன் என்று கேட்டார், சொன்னேன். “பஸ் எப்படியும் ஏலாது,” என்றார். “ஆனா அந்த மாத்திரைய வேலை முடிஞ்சு பின்னேரம் எடுத்திருக்கலாம். ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நேரத்த மாத்தித் தந்திருப்பன்.”

இதே மருந்துகளை எடுப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மாத்திரை தொல்லை தந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டேன்.

இரண்டாவது எக்கோவில் இதயம் இன்னும் தளர்ந்திருந்தது. போன பலம் திரும்பி வராது என்றார்கள். வசந்தி இப்போது மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, விழுங்கிய பின் வாயைத் திறக்கச் சொல்கிறாள். திறக்கிறேன்.

கதிரையில் இருந்துதான் குளிக்கிறேன். ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபின் மூச்சு வாங்கக் காத்திருக்கிறேன். பிறகுதான் மற்றக் கை. முன்பு திருகோணமலையிலிருந்து கிண்ணியா போய்ச் சேரும் நேரம், இப்போது உடுப்பு மாற்றவே போகிறது.

கந்தளாயில் இருக்கும் மகள் பிரசவத்துக்குக் கார்த்திகையில் வருவதாகப் போனில் சொன்னாள். வரச் சொன்னேன். கார்த்திகைக்கு இன்னும் நாலு மாதம்; அதுவரை என் இதயம் தாங்குமோ தெரியாது. வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். தேநீர் வைக்கக் குசினிக்குள் போனாள்.