அக்கா ஒப்பித்த என் தமிழ்

ஜவ்வாது மலையிலுள்ள எங்கள் ஊரில் நர்ஸ் பயிற்சி முடித்தவள் என் அக்கா ஒருத்திதான். அடிவாரத்து மருத்துவமனை ஒன்றின் நேர்முகத் தேர்வுக்கு, இலக்கிய மாணவியான நான் அவளைத் தயார் செய்தேன்.

ஊசிக்கு அஞ்சும் நோயாளியிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

“இன்னா பெரிம்மா, சாப்ட்டியா? கைய குடு, நான் புட்ச்சிக்கிறேன்” என்றாள்.

கொச்சையாக இருக்கிறதென்று தடுத்து, அழகிய வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்வித்தேன். தேர்வில் அதே கேள்வி வந்தது. அக்கா என் வாக்கியங்களை ஒப்பித்தாள்.

“நோயாளிகிட்ட பேசச் சொன்னா, மேடையில பேசறியேம்மா!” என்று மருத்துவர் சிரித்தாராம். வேலை கிடைக்கவில்லை.

“நீ நல்லாத்தான் எழ்தின. நான்தான் சரியா சொல்லல” என்று அக்கா என்னையே தேற்றினாள். அவள் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அடுத்த தேர்வுக்கு அவள் தயாராகிறாள். இப்போது நான் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. நோயாளியாக எதிரே அமர்ந்து, கையை மட்டும் நீட்டுகிறேன்.