எட்டு போல்ட்டு

ரெண்டாவது புள்ளை வயித்துல இருக்கிறப்ப தான் எங்க வீட்டுக்காரரு அந்தப் பழைய காரை வாங்கினாரு. எங்க தேயிலைத் தோட்டத்துல இருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போகணும்னா ஆட்டோ தான். அந்தக் கல்லு ரோட்டுல ஆட்டோவுல குலுங்கிட்டுப் போனா நல்லா இருக்கிறவங்களுக்கே வலி வந்துரும். "ஒன்னையும் புள்ளையையும் அலுங்காம கார்ல தான் கூட்டிட்டுப் போவேன்"னு ஒரே அடம். மனுசனுக்கு ஃபெக்டரியில கொழுந்து வாட்டுற வேலை. காரைப் பத்தி என்ன தெரியும்னு கேக்குறீங்களா? கண்ணாடி தொடைக்கத் தெரியும்.

வாங்கின ஜோருல ஒரு நாள் நானுஓயா ஏத்தத்துல அந்தக் கார் குபுகுபுன்னு பொகையைக் கக்கிட்டு நின்னுருச்சு. கயிறு கட்டி தலவாக்கலைக்கு இழுத்துட்டு வந்தோம். அங்க கராஜ் வச்சிருக்கிறவரு ஒரு சிங்கள மெக்கானிக். மேசன், ஆசாரி, மெக்கானிக் எல்லாரையும் இங்க பாஸ்னு தானே கூப்பிடுவோம், அவரும் பாஸ் தான். தமிழ் நல்லாவே பேசுவாரு, கொஞ்சம் சிங்கள வாடை அடிக்கும், தங்கச்சியை நங்கிம்பாரு, தம்பியை மல்லிம்பாரு.

பாஸ் என்ஜினோட மேல்பக்கத்தைக் கழட்டினாரு. நான் ஒரு டயர் மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அதை அமுக்கிப் பிடிச்சிருந்த நீள நீளமான போல்ட்டுகளை ஒவ்வொண்ணா உருவி, ஒரு காட்போட் மட்டையில ஓட்டை குத்தி, என்ஜின்ல இருந்த வரிசையிலயே செருகி வச்சாரு. இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு. பாக்க அழகா இருந்துச்சு.

"இது ஒருக்கா முறுக்கினா இழுபட்டிரும் நங்கி. மறுபடி போட்டா பிடி நிக்காது. ஏத்தத்துல சூடாகும், தண்ணி உள்ளுக்குப் போகும், கார் நடுரோட்டுல நிக்கும்"னாரு. நான் என் வயித்தைத் தடவிக்கிட்டேன். நடுரோட்டுல நின்னா யாரு நிப்பா, நான் தானே?

ரெண்டு நாள் கழிச்சு பாஸ் ஃபோன்ல சொன்னதை இவரு எங்கிட்ட அப்படியே சொன்னாரு. "எட்டு போல்ட்டு எடுக்கணுமாம். நல்ல சாமானா எடுக்கணுமாம்."

அந்த வாரமே எனக்குக் கிளினிக்கும் வந்துச்சு. அதே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸுல போனேன். டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்துட்டு சிங்களத்துல என்னமோ சொன்னாரு. பக்கத்துல இருந்த நர்ஸ் மிஸ் புதுசு, சிங்களப் பொண்ணு. தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொல்லுச்சு: "எட்டு மேல. வலி வந்தா வீட்டுல இருக்க வேணாம். உடனே வாங்க." சரிங்க மிஸ்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். எட்டு மாசத்துக்கு மேல ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வரச் சொன்னாங்கன்னு பஸ்ஸுல முணுமுணுத்துக்கிட்டே வந்தேன். மூத்தவ பொறக்கிறப்ப காலையில வலி எடுத்து மறுநாள் தான் பொறந்தா. இதுவும் அப்படித்தான் வரும், வீட்டுல சமைச்சு வச்சுட்டே கெளம்பலாம்னு இருந்தேன்.

புள்ளையும் நல்லாத் தான் இருந்துச்சு. நெஞ்சுக்குழிக்குக் கீழ உருண்டையா, கெட்டியா ஒண்ணு முட்டிக்கிட்டே கெடக்கும். குண்டியைத் தூக்கிட்டுப் படுத்திருக்கு பாருன்னு சிரிச்சுக்கிட்டே அதைத் தட்டிக் குடுப்பேன். தூங்குடா தூங்குடான்னு பாட்டு வேற.

போல்ட்டு வாங்க அட்டனுக்கு நானும் கூடவே போனேன். இவரை நம்பித் தனியா அனுப்பினா துருப்பிடிச்ச ஆணியைக் கூட ஜப்பான் சாமான்னு வாங்கிட்டு வருவாரு. கடைக்காரரு முஸ்லிம் ஆளு, அவங்களை நானான்னு தான் கூப்பிடுவோம். அவரு மூணு விதம் எடுத்துப் போட்டாரு. ஒண்ணு வெள்ளி மாதிரி பளபளப்பு, வெலையும் லேசு. ஒண்ணு வெளிநாட்டுப் பழைய என்ஜின்ல கழட்டினது. மூணாவது கறுப்பு, எண்ணெய்த் தாள்ல சுத்தி இருந்துச்சு. பழசைக் கையால கூடத் தொடல நான். பளபளப்பை நகத்தால சொரண்டினேன், பூச்சு உரிஞ்சு வந்துச்சு. "இது ஊர்கோலம் போறதுக்கு நல்லா இருக்கும் நானா, மலை ஏறாது"ன்னேன். அவரு சிரிச்சுட்டு கறுப்பைத் தள்ளி வச்சாரு.

"எட்டு போல்ட்டு குடுங்க நானா"ன்னாரு எங்காளு.

"எட்டு போல்ட்டு தான் தம்பி. எத்தனை?"

"எட்டு போல்ட்டு."

"அது சரி, எத்தனை வேணும்?"

இவருக்கு ஏறிருச்சு. "எட்டுன்னு தானே அப்ப இருந்து சொல்றேன்!"

நானா ஒரு நிமிசம் எங்க மூஞ்சியைப் பாத்தாரு. "செட்டா எடுக்கலையா?"ன்னு கேட்டாரு. "பாஸ் சொன்ன கணக்கு"ன்னு நான் வெட்டிச் சொன்னேன். எண்ணிக் கட்டிக் குடுத்துட்டாரு. பாவம் மனுசனுக்குக் காது மந்தம்னு வர்ற வழியெல்லாம் சிரிப்பு எங்களுக்கு.

பாஸ் எல்லாத்தையும் பூட்டி முடிச்ச அன்னைக்குக் காரை எடுக்கப் போனோம். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாரு, பூனை மாதிரி உறுமுச்சு. இவரு மூஞ்சியைப் பாக்கணுமே, காரையே பெத்த மாதிரி. எனக்கு வெறகு மூடுற படங்கு காத்துல பறக்காம இருக்க கனமா ஏதாவது வேணும். "பாஸ், அந்தப் பழைய போல்ட்டை எனக்குத் தாங்களேன்"னு கேட்டேன். "எடுங்க நங்கி"ன்னு மூலையைக் காட்டினாரு.

அதே காட்போட் மட்டை. எடுத்தா ரெண்டு ஓட்டை காலியா இருக்கு.

"இதுல ரெண்டைக் காணோமே பாஸ்?"

பாஸ் எங்க வீட்டுக்காரரைப் பாத்தாரு. இவரு பாஸைப் பாத்தாரு. "நீங்க எட்டு தானே கொண்டாந்தீங்க"ன்னாரு பாஸ் மெதுவா. "கையில வசதி இல்ல போல, கேட்டா வெக்கப்படுவீங்கன்னு நெனச்சேன். பழசுல நல்லதா ரெண்டு பாத்துப் போட்டேன். ஏத்தம் போகாம ஓட்டிட்டு, பொறகு மாத்தலாம்னு சொல்லத் தான் இருந்தேன்."

"நீங்க தானே பாஸ் எட்டு போல்ட்டுன்னு சொன்னீங்க!"

"எட்டு இல்ல மல்லி. ஹெட்! ஹெட் போல்ட்!" பாஸ் எண்ணெய்க் கையால தன் மண்டையிலயே தட்டினாரு. "ஹெட். தலை. என்ஜினுக்குத் தலை."

அடக் கடவுளே! ஹட்டனையே அட்டன்னு சொல்ற சனம் நாங்க. ஹோட்டல் எங்களுக்கு ஓட்டல். ஹெட்டு மட்டும் எப்படிங்க ஹெட்டா வரும்? அந்த ரெண்டு பழைய போல்ட்டை நம்பியா நான் மலை ஏற இருந்தேன்னு எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஏங்க, மட்டையில பத்து ஓட்டை இருந்துச்சே, ஒங்க கண்ணு எங்கங்க போச்சு?"ன்னு கத்தினேன். "நீயும் தானேடி பாத்துக்கிட்டு இருந்த"ன்னாரு. அதுவும் உண்மை தான். பாஸுக்கு மொகமே செத்துப் போச்சு. திரும்பக் கழட்டணும், வேற கேஸ்கட் போடணும்னு தலையில கையை வச்சுக்கிட்டு, "ஹெட்... எட்டு... ஹெட்..."னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டே இருந்தாரு.

அவரு சொல்லச் சொல்ல எனக்குக் கிளினிக் ஞாபகம் வந்துச்சு.

அந்த நர்ஸ் மிஸ் என்ன சொல்லுச்சு? எட்டு மேல.

எட்டுக்கு மேலன்னு சொல்லல. எட்டு மேல.

மட்டை கையில இருந்து நழுவி, போல்ட்டெல்லாம் சிமெந்துத் தரையில உருண்டு ஓடுச்சு. "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே போகணும்"ங்கிறேன். வலி எடுத்துருச்சுன்னு நெனச்சு இவரு கார்க் கதவைத் தெறக்க ஓடுறாரு. "அந்தக் கார் வேணாங்க!"ன்னு அலறினேன். பாஸ் கராஜை அப்படியே போட்டுட்டு, தன்னோட வேனை எடுத்தாரு. வழி பூரா என் வாயில முருகா முருகான்னு மட்டும் வந்துக்கிட்டு இருந்துச்சு. வீட்டுல சமைச்சு வச்சுட்டுக் கெளம்பலாம்னு இருந்தேனே, பாவி!

நல்ல வேளை, அதே மிஸ் தான் வாட்டுல நின்னுச்சு. மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டேன். "மிஸ், அன்னைக்கு நீங்க சொன்னது எட்டா, ஹெட்டா?" வாழ்க்கையில முதத் தடவையா அந்த எழுத்தை நெஞ்சுல இருந்து மூச்சைத் தள்ளிச் சொன்னேன்.

அந்தப் பொண்ணு என்னை ஒரு மாதிரியாப் பாத்துச்சு. "ஹெட்"னுச்சு. "பேபி தலைகீழா வரணும். உங்க பேபி நேரா உக்காந்து இருக்கு. வீட்டுல வலி வந்தா டேஞ்சர். அதான் உடனே வரச் சொன்னேன்." அதுக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு தெரியல போல. என் கையைப் பிடிச்சு, நெஞ்சுக்குழிக்குக் கீழ கெட்டியா முட்டிக்கிட்டு இருந்த அந்த உருண்டை மேல வச்சுச்சு.

"இது தான் தலை"ன்னுச்சு.

இத்தனை நாளும் குண்டின்னு நெனச்சு நான் தட்டிக்கிட்டு இருந்த எடம் அது.