ராசிபலனுக்குப் பின்பக்கம்

எங்கள் வீட்டுப் பேப்பரில் எப்போதும் ஓட்டை இருக்கும். அப்பா காலையில் சவரம் முடித்த கையோடு, அதே பிளேடால் பேப்பருக்கும் சவரம் செய்வார். கற்பழிப்பு, கள்ளக்காதல், தீக்குளிப்பு எல்லாம் கட்டம் கட்டமாக வெந்நீர் அடுப்புக்குப் போகும். மிச்சத்தைத்தான் அம்மாவும் அக்காவும் நானும் படிக்கலாம். "பொம்பளப் பிள்ளைக இருக்கிற வீடு" என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டு, மில் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளில் ஏறிவிடுவார். ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் கிளார்க் வேலை.

அக்கா அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அம்மாவுக்குத்தான் எரிச்சல். "இந்தப் பக்கம் வெட்டினா அந்தப் பக்கம் ராசிபலன் போகுதே. என் ராசி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். அக்காவுக்குப் பூ வைத்துக் கல்யாணம் நிச்சயம் செய்த மறுநாள்கூட அப்படித்தான் அம்மாவின் ராசி போனது. நல்ல காரியம் நடந்த நேரத்தில் இப்படியா என்று அன்றைக்கெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இது எண்பதுகளின் நடுவில். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். பட்டிமன்றத்தில் 'பத்திரிகைத் தணிக்கை தேவையா?' என்று தலைப்புக் கொடுத்து, என்னைத் 'தேவை' அணியில் போட்டார்கள். எனக்கென்ன கஷ்டம், வீட்டிலேயே ஓர் அதிகாரி இருக்கிறாரே! கேட்டதும் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "ஒருத்தி தீக்குளிச்சான்னு விலாவாரியாப் போட்டா, அடுத்தவளுக்கு வழி சொல்லிக் குடுத்த மாதிரில்லா? அதை எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். நம்பவும் செய்தேன்.

இன்னும் நாலு விஷயம் தேடலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் போனேன். பழைய பேப்பர்களை மாதவாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள். பூ வைத்த மறுநாள் அம்மாவின் ராசிக்குப் பின்பக்கம் என்னதான் இருந்தது என்று பார்க்க ஆசை வந்தது. சிரித்துக்கொண்டேதான் பிரித்தேன்.

'ஸ்டவ் வெடிக்கவில்லை, என் மகளை எரித்துவிட்டார்கள்: ஓராண்டுக்குப் பின் தந்தை புகார்.'

ரத வீதிப் பாத்திரக்கடை. கடையின் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் போட்டிருந்தது. அக்கா வாழப் போகும் வீடு. செத்தவள் அந்த வீட்டு மூத்த மருமகள், மாப்பிள்ளையின் அண்ணன் பெண்டாட்டி. பெண் பார்க்க வந்தபோது, மூத்தவள் போன வருஷம் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள்.

பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் கரிந்த உடம்பைப் படமாகப் போட்டிருந்தான் படுபாவி. உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டுதான் செய்தியை நோட்டில் எழுதினேன். அந்தப் படத்தை மட்டும் அப்பா வெட்டியிருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

தலைப்பைப் பார்த்ததுமே வெட்டியிருப்பார், உள்ளே படித்திருக்கவே மாட்டார் என்று பஸ்ஸில் வழி நெடுக எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன். மில்லிலிருந்து வந்து அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவையும் அக்காவையும் கூப்பிட்டு, நோட்டில் எழுதியதை வாசித்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும். வாசிச்சிட்டுத்தான் வெட்டுனேன்" என்றார்.

நான் நோட்டை மூடினேன்.

"போயி விசாரிக்கவும் செஞ்சேன். மூத்தவன்தான் ஒரு மாதிரி. நம்ம மாப்பிள்ள தங்கமான பையன். உங்கட்டச் சொன்னா அழுது ஊரக் கூட்டிருப்பீக. நாலு பேருக்குத் தெரிஞ்சு கல்யாணம் நின்னா, பொறவு இவள யாரு கட்டுவா?"

அக்கா மெதுவாகக் கேட்டாள். "எங்கிட்ட எப்பச் சொல்லலாம்னு இருந்தீகப்பா?"

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு பிள்ள பெறந்த பொறவு."

அவர் கெட்டவர் இல்லை. இன்றைக்கும் அதைச் சொல்லத்தான் செய்வேன். அதனால்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மா தனியாகப் போய், அவர்கள் வைத்த சேலையையும் தட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் பட்டிமன்றத்தில் பேசவில்லை. காய்ச்சல் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். எழுதிய பிறகுதான் அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

அம்மா போய் வந்ததற்கு அடுத்த நாள், அப்பா சவரம் செய்துகொண்டிருக்கும்போதே பேப்பர்க்காரர் வந்தார். அக்கா வாசலுக்கே போய் வாங்கி, நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். அப்பா முகத்து நுரையோடு, கையில் பிளேடோடு காத்திருந்தார். படித்து முடித்து மடித்து அவரிடம் நீட்டினாள்.

"நான் ஒண்ணையும் வெட்டலப்பா. நீங்க முழுசா வாசிக்கலாம்."