அடியில் போன மேல்மண்

குழியோரம் கிடந்த அந்தச் செம்மண் குவியல் முழுக்கக் கொள்ளுக்கொடி படர்ந்திருந்தது. எண்பதுகளில் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைக்கல் குவாரியில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். தோண்டுவதற்கு முன் வழித்தெடுத்து ஒதுக்கிவைத்த மேல்மண் அது. கொள்ளு, நிலத்துக்கார அக்கா விதைத்தது. மழையில் மண் கரைந்துவிடக் கூடாதென்று விதைத்தாரா, இடம் வீணாகக் கிடக்கிறதே என்று விதைத்தாரா, தெரியாது. இரண்டுமாகவும் இருக்கலாம். அவர் எதையும் சும்மா விடுகிறவர் இல்லை.

கணவர் இறந்து, கிணறும் வற்றியபின் இருந்த ஒரே மானாவாரிக் காட்டை எங்கள் முதலாளிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். கல் எடுத்து முடித்ததும் குழியை மூடி, மேல்மண்ணை மேலே பரப்பி, உழவுக்கு ஆகும்படி திருப்பித் தரவேண்டும் என்பது பேச்சு. அக்கா அடிக்கடி வருவார். கூலியாட்கள் குவியல்மேல் வீசிய கற்களைப் பொறுக்கி எறிந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் திட்டுவார். "கல்லு உங்களுது, எடுத்துக்கங்க. மண்ணு என்னுது. அதுல கை வெக்காதீங்க தம்பி" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். உள்ளே புதையல் வைத்திருக்கிறார் போல என்று ஆட்களோடு சேர்ந்து நானும் கேலி பேசிச் சிரித்திருக்கிறேன்.

முதலாளி மோசமான ஆள் இல்லை. மூடும் செலவுக்கென்று தனியாகவே பணம் ஒதுக்கித் தந்தார். "மிச்சம் பண்ணா நல்லதுதான், ஆனா வேல சுத்தமா இருக்கணும்" என்றார். என் காதில் ஏறியது முதல் பாதி மட்டும்தான். பாலக்கோட்டிலிருந்து வாடகைக்கு வந்த டிராக்டர்கள், சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றப் போய்விடும். மேல்மண் குவியலோ குழியை ஒட்டிக் கிடந்தது; கொட்டவேண்டிய கழிவுக்கல் அதற்குப் பின்னால். முறைப்படி மண்ணை ஒருபக்கம் ஒதுக்கி, கல்லைக் கொட்டி, மறுபடி மண்ணைக் கொண்டுவர வேண்டும். ஒரே மண்ணுக்கு இரண்டு வாடகையா என்று கணக்குப் போட்டேன்.

"மண்ணு குறுக்கால கெடக்குதே, என்னா சார் பண்றது?" என்று டிரைவர் கேட்டார்.

"உள்ள தள்ளுங்க" என்றேன்.

அன்று அக்கா ஒரு கல்யாணத்துக்காகப் பொம்மிடி போயிருந்தார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அவர் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது என்பதை மறைக்கவும் மாட்டேன்.

கொள்ளுக்கொடியோடு சேர்ந்து மண் அடியில் போயிற்று. அதன்மேல் கல்லும் சரளையும். கண்துடைப்புக்கு மேலாகக் கொஞ்சம் செம்மண் தூவினோம். பார்வையிட வந்த அதிகாரி, நிலம் மட்டமாக இருக்கிறது என்று திருப்தியோடு போனார். முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஊர் திரும்பிய அக்கா மட்டும் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "என் மண்ணு எங்க தம்பி?" என்றார். "உள்ளதான் இருக்குதுக்கா" என்றேன். அதில் பொய் இல்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

அடுத்த ஆடியில் அவர் கேழ்வரகு விதைத்தார். பெய்த மழையெல்லாம் சரளைக்குள் இறங்கிப் போனது. பயிர் சாண் உயரத்தில் வெளுத்துச் சுருண்டது. மறு வருஷமும் அப்படியே. அதன்பின் அவர் விதைக்கவில்லை. அடுத்தவர் காட்டுக்குக் களையெடுக்கப் போனார். இன்றும் ஒகேனக்கல் பஸ்ஸில் அந்த வழியாகப் போக நேர்ந்தால், அந்தக் காடு தெரியும் பக்கம் நான் உட்காருவதில்லை.

அக்கா கூலிக்குப் போகத் தொடங்கிய காலத்தில், ஒருநாள் நான் வேலை பார்த்த புதுக் குவாரிக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டமாட்டாரா என்றுகூட இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "மூடாமயே வுட்டிருக்கலாம் தம்பி. குழியா கெடந்திருந்தா மழத் தண்ணியாவது நின்னிருக்கும். நாலு ஆடு மாடாவது குடிச்சிருக்கும்."